மேஜையில் தட்டிப் படித்த பயிர்கள்

என் அண்ணன் மகள் சுமதி வேளச்சேரியில் ஒரு விதை ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். சென்ற மாதம் ஒரு மத்தியானம் ஃபோன் செய்தாள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அவள் அனுப்பிய விதைப் பட்டியலை, அலுவலகக் கம்ப்யூட்டர் ஆபாசக் கடிதம் என்று முடிவு கட்டி நிறுத்திவிட்டதாம். போதாததற்கு அவளுடைய மேலதிகாரிக்கும் ஒரு புகார் அனுப்பிவிட்டதாம்.

“பயிர் பேரு அத்தை. நான் வெச்ச பேரா? நீங்க பிரஸ்ல இருந்தப்ப இந்த மாதிரி புக்கெல்லாம் போட்டீங்கல்ல, அப்ப என்ன பண்ணீங்க?”

“தட்டினோம்” என்றேன்.

“யாரை?”

“மேஜையை.”

ஃபோனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். இருபத்தெட்டு வருஷம் புரூஃப் பார்த்தவள் நான். டைரி எழுதும் பழக்கமும் உண்டு. அந்த ஆறு மாதத்து டைரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். யார் என்ன சொன்னார்கள் என்பதில் பெரிய பிழை இருக்காது.

எங்கள் அச்சகம் மயிலாப்பூரில், கச்சேரி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. வேலை கற்றுக்கொண்ட மூன்று வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கவிழ்ந்த எழுத்தைக் கண்டுபிடிக்கக் கற்றேன். காற்புள்ளிக்கும் மை அழுக்குக்கும் வித்தியாசம் கற்றேன். கண்ணாடி போட்டுக்கொண்டேன். நான் எழுதப்போவது அதற்கு ரொம்பப் பின்னால், தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. ஊரில் பாதி அச்சகங்கள் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தன. நாங்கள் இன்னும் ஈய எழுத்தை விடவில்லை.

புரூஃப் பார்ப்பது எப்படி என்று சுமதிக்குத் தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் கையில் ஆசிரியர் எழுதிக் கொடுத்த பிரதி. அவர் உரக்கப் படிப்பார். காப்பி ஹோல்டர் என்று பெயர். மற்றவர் கையில் அச்சுக் கோத்து எடுத்த புரூஃப். அவர் காதால் கேட்டுக் கண்ணால் சரிபார்ப்பார். சொல்லை மட்டும் படித்தால் போதாது. பெரிய எழுத்துக்கு ‘கேப்’, காற்புள்ளிக்கு ‘கமா’, முற்றுப்புள்ளிக்கு ‘ஃபுல்ஸ்டாப்’, அட்டவணையில் அடுத்த கட்டத்துக்கு மாறினால் ‘கட்டம்’, எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காது கேட்டதும் கண் பார்த்ததும் ஒன்றாக இருந்தால் மேலே போகலாம். இல்லையென்றால் பென்சிலை எடுக்க வேண்டும்.

எங்களுக்கெல்லாம் மேலே தலைமைப் புரூஃப் ரீடர் வரதன் சார். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டில் இரண்டு ரப்பர் பேண்டு, மேஜையில் சீவிய நான்கு பென்சில். அச்சுக் கோக்கும் கம்பாசிட்டர் செய்த தப்புக்குச் சிவப்பு, ஆசிரியர் செய்த தப்புக்கு நீலம். குரலை உயர்த்தவே மாட்டார். தப்பு செய்தவர் முன்னால் புரூஃபை வைத்துவிட்டு, அந்த இடத்தைத் தொடாமல், ஓர் அங்குலம் தள்ளிப் பென்சில் முனையை நிறுத்துவார். நாமே கண்டுபிடிக்கும்வரை பென்சில் அங்கேயே நிற்கும். ஒரு தடவை பதினோரு நிமிஷம் நின்றது.

என் காப்பி ஹோல்டராக அந்த வருஷம் வந்தவள் ஸ்டெல்லா. சாந்தோம் கடற்கரைக் குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்பவர். கான்வென்டில் படித்தவள். ஆங்கிலம் படித்தால் கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பு. வாயைத் திறந்து பேசினால் குப்பத்துத் தமிழ். அலைச்சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குடும்பம் என்பதால் குரல் சந்து முனைவரை கேட்கும். காப்பி ஹோல்டருக்கு அதைவிட நல்ல தகுதி கிடையாது.

ஆறு மாதத் தகுதிகாண் காலம். அது முடியும்போது வரதன் சார் எழுதித் தந்தால்தான் வேலை நிரந்தரம். ஸ்டெல்லாவுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று இரண்டாவது நாளே சொல்லிவிட்டாள்.

“எம்மா, பொண்ணு இன்னா வேல பாக்குதுன்னு கேட்டா, படிக்கிற வேலன்னு எங்கம்மா மார்க்கெட்டு பூரா சொல்லி வெச்சிகீது மேடம். படிக்கிறதுக்கு எவன் சம்பளம் குடுப்பான்னு ஒரு கும்பல் சிரிச்சிகினு கீது. வேல நிக்கலன்னா நான் இன்னா மூஞ்ச வெச்சிகினு அந்தப் பக்கம் போறது?”

அவளிடம் ஒரே ஒரு குறை. சிரிப்பு. வந்தால் அடக்கத் தெரியாது.

அப்படியிருக்கும்போது வந்து சேர்ந்தது அந்தக் கையேடு. அடையாறில் வசித்த ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர் ஆங்கிலத்தில் தொகுத்தது. தீவனப் பயிர்கள், எண்ணெய் வித்துகள், அவற்றோடு சேர்ந்து வளரும் களைகள். வேளாண்மை அலுவலர்கள் வயலுக்கு எடுத்துப்போய் விவசாயிகளுக்கு விளக்குவதற்கான புத்தகம். அதனால் அதில் ஒரு தப்பு என்றால் எங்கேயோ ஒரு வயலில் தப்பு.

எங்கள் புரூஃப் அறைக்கும் வாடிக்கையாளர் உட்காரும் இடத்துக்கும் நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு ஒன்று மட்டும். அது கூரைவரைகூட எட்டாது. அச்சகத்துக்குப் பாதி வருமானம் கல்யாணப் பத்திரிகை. ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிய நேரம். தடுப்புக்கு அப்பால் ஒரு குடும்பம் பத்திரிகை மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்பால் ஸ்டெல்லா கணீரென்று ஆரம்பித்தாள்.

“கேப் ஆர், ரேப், கமா, நன்றாக உழுத நிலத்தில்…” என்று ஆங்கிலத்தில் போயிற்று. நான்கு வரி தள்ளி, “பாஸ்டர்ட் சாஃப்ரன்.” அதற்கடுத்து, “காக்ஸ்ஃபுட்.”

மூன்றும் நிஜமான பயிர்கள். முதலாவது கடுகுக்குப் பங்காளி, அதிலிருந்து எண்ணெய் எடுப்பார்கள். இரண்டாவது நம் குசும்பப்பூ. குங்குமப்பூவுக்குப் போலி என்பதால் வெள்ளைக்காரன் அப்படிப் பெயர் வைத்துவிட்டான். மூன்றாவது புல், கதிர் சேவலின் கால்போல இருக்கும். ஆனால் ஆங்கிலப் பேப்பர் படிக்கிற வீட்டில் முதல் சொல் கொடுங்குற்றம், இரண்டாவது வசவு, மூன்றாவதின் முன்பாதி வாயில் எடுக்கக் கூடாதது. அந்தக் குற்றத்தில் சிரிக்க எதுவும் இல்லை. அது தெரிந்தவர்கள்தான் நாங்களும். சிரிப்பு வந்ததெல்லாம் அதற்கப்புறம் நாங்கள் செய்த காரியத்தால்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் காபி டம்ளர் கீழே வைக்கப்படும் ஓசை கேட்டது. பிறகு ஒரு மாமியின் குரல்: “ஏன்னா, உள்ள கோர்ட்டுக் கேஸ் புஸ்தகம் போடறாளா?”

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். சந்து முனைவரை கேட்கிற சிரிப்பு. மறுநாள் அவளுக்கு முதல் மெமோ வந்தது. வாசிப்பின்போது சிரித்தது ஒழுங்கீனம். மூன்றாவது மெமோ வந்தால் நிரந்தரம் கிடையாது என்று கடைசி வரியில் இருந்தது.

வரதன் சார் எங்களை உட்காரவைத்துப் புது முறை ஒன்றைச் சொன்னார். “பார்ட்டியை வெயில்ல நிக்க வைக்க முடியாது. புஸ்தகத்தையும் திருப்பி அனுப்ப முடியாது. அந்த மாதிரி வார்த்தை வந்தா வாயால சொல்ல வேண்டாம். பென்சிலால மேஜையில தட்டு. எதுக்கு எத்தனைன்னு நான் எழுதித் தரேன்.”

அவர் எழுதித் தந்த பட்டியல் என் டைரியில் இருக்கிறது. ரேப் ஒரு தட்டு. பாஸ்டர்ட் சாஃப்ரன் இரண்டு. பிஜன் பீ, அதாவது துவரை, மூன்று. கௌ பீ நான்கு. காக்ஸ்ஃபுட் ஐந்து. அதேபோலப் பெயருள்ள காக்ஸ்பர் என்ற இன்னொரு புல்லுக்கு ஆறு.

“துவரைக்கு எதுக்கு சார்?” என்றேன்.

“பின்பாதியைச் சொல்லிப் பாரு. தமிழ்க் காதுல எப்படி விழும்?”

ஸ்டெல்லா பட்டியலைப் பார்த்தாள். “சார், கௌ பீன்னா தட்டப்பயறுதானே? அதுக்கே தட்டா?”

அவர் சிரிக்கவில்லை. நான் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தேன். பதின்மூன்று வருஷமாக எனக்குச் சிரிப்பு வரும்போதெல்லாம் ஜலதோஷம் பிடிக்கும்.

அன்றிலிருந்து வாசிப்பு இப்படிப் போயிற்று: “கேப், டக் டக் டக், கமா, ஆழமாக உழுது, ஃபுல்ஸ்டாப். கேப், டக், கட்டம், ஏக்கருக்கு இரண்டு கிலோ.” தீவனப் பயிர் அத்தியாயத்தில் ஒரே பக்கத்தில் பத்தொன்பது தட்டு இருந்தது. மெஷின் ஃபோர்மன் துலுக்காணம் கையில் மையோடு எட்டிப் பார்த்தார்.

“இன்னா மேடம், உள்ள கச்சேரியா? பக்கவாத்தியம் மட்டும் கேக்குது. பாட்ற ஆள் வரலியா?”

ஸ்டெல்லாவின் தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. வரதன் சாரும் அறையில் இல்லை. பிழைத்தாள்.

அடுத்த வாரம் பிழைக்கவில்லை. பெண் வீட்டார் வந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா பத்திரிகைப் புரூஃபை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். நாள், நட்சத்திரம், லக்னம் என்று வந்து “சுபமுகூர்த்தத்தில்” என்று அவர் முடிக்கவும், உள்ளே ஸ்டெல்லா நான்கு தட்டு தட்டவும் சரியாக இருந்தது.

“பல்லி சொல்லிடுத்து” என்றது அம்மாவின் குரல்.

“எந்தத் திக்குலேர்ந்து?”

“கிழக்கு. கிழக்குன்னா நல்லதுதான்.”

“இருங்கோ, மாப்பிள்ளை பேரையும் படிக்கறேன்.” படித்தார். ஸ்டெல்லா அடுத்த வரிக்கு வந்திருந்தாள். ஆறு தட்டு.

 பெண்ணின் அப்பா ரொம்பத் தாழ்ந்த குரலில், “ஆறு தடவை சொல்லி நான் கேட்டதே இல்லை” என்றார். அந்த இடத்திலேயே இன்னும் நூறு பத்திரிகை சேர்த்துப் போடச் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற வரதன் சாருக்கு உண்மை தெரியும். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். பல்லி இல்லை என்று சொன்னால் பின்னே என்ன என்று கேட்பார்கள். “க்ஷேமமா நடக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். வந்தபோது ஸ்டெல்லா மேஜைக்கு அடியில் இருந்தாள். பென்சில் விழுந்துவிட்டது என்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இரண்டாவது மெமோ.

இனி அந்த வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமையோடு ஸ்டெல்லாவின் ஆறு மாதம் முடிகிறது. கையேட்டில் பயிர், புல், களை எல்லாம் சேர்ந்த பெரிய அட்டவணை உள்ள ஃபாரம், அதாவது கோத்த பக்கங்களைப் பூட்டிய சட்டம், மெஷினில் ஏறியிருந்தது. மத்தியானம் வழக்கம்போல மெஷினிலிருந்து கழித்துப்போட்ட ஒரு தாளை விரித்து அதன்மேல் தயிர்சாத டப்பாவை வைத்தேன். சாப்பிடும்போதும் கண் சும்மா இருக்காது. டப்பாவை நகர்த்தினேன். இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

காக்ஸ்ஃபுட் என்பது ஊட்டிப் பக்கம் மாட்டுக்கு விதைக்கும் நல்ல தீவனப் புல். காக்ஸ்பர் நெல்லோடு நெல்லாக முளைத்துப் பயிரைக் கெடுக்கும் களை. தாளில் இரண்டு பெயரும் இடம் மாறியிருந்தன. களைக்கு எதிரே “கறவை மாடுகளுக்குச் சிறந்தது, தாராளமாக விதைக்கவும்” என்று ஆங்கிலத்தில் இருந்தது. தீவனப் புல்லுக்கு எதிரே “கண்டவுடன் வேரோடு பிடுங்கவும்.”

மெஷின் அறைக்கு ஓடினேன். நான் ஓடி யாரும் பார்த்ததில்லை. துலுக்காணம் என் முகத்தைப் பார்த்ததும் கேட்காமலே மெஷினை நிறுத்தினார். “இப்பதான் மேடம் ஓட வுட்டேன். கொஞ்சம்தான் ஓடிகீது. எவ்ளோ நேரம் நிக்கணும்?”

“சார் சொல்வார்.”

சார் தாளை வாங்கிப் பார்த்தார். பிரதியை எடுத்துப் பார்த்தார். பென்சில் வைக்கவில்லை. “ஆறு தட்ட வேண்டிய எடத்துல அஞ்சு தட்டியிருக்கா. அஞ்சுக்கு ஆறு. அன்னிக்குச் சிரிச்சிண்டே தட்டியிருப்பா” என்றார். காகிதத்தை எடுத்துத் தேதி போட்டார். ஸ்டெல்லாவின் பெயரை எழுதினார். நான் என் இடத்துக்குத் திரும்பி வந்து மீதித் தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். இதை டைரியில் எழுதாமல் விட நினைத்து, பிறகு எழுதியிருக்கிறேன்: “முழுவதும் சாப்பிட்டேன். கால் மணி.”

அந்த அட்டவணையை நாங்கள் படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஸ்டெல்லா முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு தட்டினாள். பல்லுக்கு நடுவில் உதட்டைக் கடித்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தாங்கவில்லை. கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு கண்ணை மூடினேன். ஆறா ஐந்தா என்று எண்ணவே இல்லை. நிறையத் தட்டினாள் என்று மட்டும் தெரியும். கம்பாசிட்டர் பெயரை மாற்றிக் கோத்திருந்ததைக் கவனிக்காமல் டிக் போட்டுவிட்டேன்.

கை கழுவிவிட்டுப் போனேன். அதற்குள் ஸ்டெல்லாவும் சார் முன்னால் நின்றிருந்தாள்.

“சார், அவ சரியாத்தான் தட்டினா. நான்தான் எண்ணலை.”

“ஏன்?”

“சிரிச்சிட்டிருந்தேன் சார்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீயா?”

“ஆமாம் சார்.”

“கமலா, அந்தப் பொண்ணுக்காக நீ இப்படிச் சொல்ல வேண்டாம். பதிமூணு வருஷத்துல நீ சிரிச்சு நான் பார்த்தது இல்லை.”

“எனக்கு ஜலதோஷமும் கிடையாது சார்.”

அவருக்கு அது பிடிபட நேரமாயிற்று. பிடிபட்ட பிறகும் நம்பவில்லை. “தட்டறதை எண்ண முடியாதுன்னு சொல்றியா? உக்காரு ஸ்டெல்லா. நானே புரூஃப் பாக்கறேன்” என்று என் நாற்காலியில் உட்கார்ந்தார். தடுப்புக்கு அப்பால் அப்போதும் ஒரு பார்ட்டி இருந்தது. பிள்ளையின் அப்பாவும் தாத்தாவும்.

ஸ்டெல்லா படித்தாள்.  “கேப், டக் டக் டக் டக் டக் டக், கட்டம்…”

சார் டிக் போட்டார். அவள் நிறுத்தினாள். “சார், நீங்க அஞ்சுல போட்டுகீறீங்க. நான் ஆறு தட்டுனேன்.”

“அஞ்சுதான் கேட்டுது. இன்னொரு தரம்.”

தட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து தாத்தாவின் குரல்: “டேய், யாரோ கதவைத் தட்றா. பாவம், எவ்வளவு நேரமா தட்டிண்டிருக்கா. திறந்துவிடேன்.”

நான் கைக்குட்டையைத் தேடவில்லை. இனி எதற்கு. ஸ்டெல்லா தன் கையைத் தானே கிள்ளிக்கொண்டிருந்தாள். சார் பென்சிலைக் கீழே வைத்தார்.

“வாயால சொல்லு.”

“பார்ட்டி கீறாங்க சார்.”

“இருக்கட்டும். சொல்லு.”

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். “என்னால முடியாது சார். சொன்னா சிரிச்சிருவேன். சிரிச்சா வேல பூடும். நீங்களே சொல்லுங்க.”

துலுக்காணம் வாசலில் வந்து நின்றார். “சார், மெஷின் நிக்குது.”

வரதன் சார் எழுந்தார். ஸ்டெல்லாவின் நாற்காலிக்குப் போனார். பிரதியைக் கையில் எடுத்து, தொண்டையைக் கனைத்து, பூஜையில் சங்கல்பம் சொல்கிற சுருதியில் அட்டவணையை முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒன்றையும் விடவில்லை. ரேப் கமா, பாஸ்டர்ட் சாஃப்ரன் கட்டம், துவரைக்கும் தட்டைப்பயறுக்கும் பின்பாதியோடு முழுப்பெயர், காக்ஸ்ஃபுட் முற்றுப்புள்ளி, காக்ஸ்பர் முற்றுப்புள்ளி. நான் எதிரே உட்கார்ந்து சரிபார்த்தேன். பெயர் மாறிய இரண்டு வரியைத் தவிர வேறு பிழை இல்லை. முழு அட்டவணைக்கும் ஒன்பது நிமிஷம் ஆயிற்று. அந்த ஒன்பது நிமிஷமும் தடுப்புக்கு அப்பால் நாற்காலி நகரும் ஓசைகூட இல்லை.

அவர் முடித்ததும் தாத்தா கூப்பிட்டார். “சார், உள்ள இருக்கிறவரே. அந்த மொதல்ல சொன்னேளே, ரேப்பு, அது நம்மூர்ல வருமா?”

“வராது. வடக்கே போடறா. எண்ணெய் எடுக்கறது.”

“கடுகு ஜாதியோ?”

“ஆமாம்.”

“அப்படிச் சொல்லுங்கோ. அதைத் தொட்டியில போடலாமா? எங்காத்துல மாடி காலியா இருக்கு.”

 வரதன் சாரின் மணிக்கட்டில் ரப்பர் பேண்டு மேலும் கீழும் ஆடியது. குனிந்து மேஜை இழுப்பறையைத் திறந்து, அதில் எதையோ வெகு நேரம் தேடினார். இழுப்பறை காலி என்பது எனக்குத் தெரியும்.

நிமிர்ந்தபோது முகம் பழையபடி இருந்தது. பாதி எழுதிய மூன்றாவது மெமோவை நான்காகக் கிழித்தார். பிழைப் பதிவேட்டை எடுத்தார். காரணம் என்ற பத்தியில் வழக்கமாகக் கம்பாசிட்டர் பெயரோ எங்கள் பெயரோ இருக்கும். அன்று அவர் எழுதியது: “தட்டச் சொன்ன முறை. பொறுப்பு வரதன்.” கையெழுத்துப் போட்டு, சிவப்புப் பென்சிலால் கீழே ஒரு கோடும் போட்டார். துலுக்காணம் இரண்டு பெயரையும் மாற்றிப் பொருத்தி மெஷினை ஓட்டினார்.

சனிக்கிழமை காலை ஸ்டெல்லாவுக்கு நிரந்தர உத்தரவு கொடுத்தார். அவள் நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு அதே பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

“என்ன இது?”

“லீவு லெட்டர் சார். திங்கக்கிழமைக்கு.”

“உத்தரவு வாங்கி அஞ்சு நிமிஷம் ஆகலை. காரணம்னு போட்ட எடத்துல ‘சொந்த வேலை’ன்னு இருக்கே. என்ன வேலை?”

“சிரிக்கணும் சார். ஆறு மாசம் சேர்ந்து கீது.”

அவர் பென்சிலைக் கையில் எடுத்தார். தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னையும் ஒரு தரம் பார்த்தார்.

“அரை நாள் போறுமா?”

“போறாது சார்.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.